பழைய இரும்புக்குப் போட்ட கார்

"டேய் ஹரி, உன் காரை வாடகைக்கு விட்டுட்டார்டா உன் மெக்கானிக்!"

ஊரிலிருந்து நண்பன் சாரங்கபாணி போனில் சொன்னதும், சென்னையில் இருந்த ஹரிசங்கருக்குப் பகீரென்றது.

"யார் சொன்னா?"

"சொல்றதென்ன, நானே பார்த்தேன். வடுவூர் ஏரிக்கரையில வண்டி பறக்கறது. எவனோ ஒருத்தன், இந்தப் புழுக்கத்துல குரங்குக் குல்லாய், கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுண்டு ஓட்டறான். ஃபாஜில் பாய் பக்கத்துல உட்கார்ந்து சுண்டல் தின்னுண்டு வரார்!"

உண்மையில் அது ஹரியின் கார் இல்லை. மன்னார்குடியில் இருக்கும் அவன் அப்பா பட்டாபிராமனின் கார். நாற்பதுகளில் வந்த அமெரிக்க வண்டி. ஆறு சிலிண்டர் இன்ஜின். வால்வெல்லாம் பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். மேலே ஹெட், பாத்திரத்துக்குத் தட்டு போட்டு மூடிய மாதிரி சப்பையாக உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. ஓடாத வண்டியை அப்பா தினமும் துடைத்துவிட்டு வருவார்.

அப்பாவின் எழுபதாவது வயதில் வரும் பீமரத சாந்தியன்று அதை ஓடும் வண்டியாக வாசலில் நிறுத்தி, அசத்திவிட வேண்டும் என்பது ஹரியின் ஆசை. அதற்காக ஒரு முழுப் பூசணிக்காய்ப் பொய்யும் சொல்லியிருந்தான்.

"வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேம்பா."

அப்பா சத்தம் போடவில்லை. "சரிடா" என்றார். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஹரிக்குத் தோன்றியது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியத்தைக் காப்பாற்றினான்.

அதைத்தான் இந்த மனுஷர் ஊர் முழுக்க ஓட்டிக் காட்டுகிறாரா? ஹரி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினான்.

சாயந்தரம் ஃபாஜில் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்து, முதல் வேலையாக கார் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

"என்ன பாய் இது?"

"ரன்னிங்-இன் சார். புது பிஸ்டன், புது ரிங்கு. ஹெட்டை வேற இழைச்சுக் கம்ப்ரஷனை ஏத்திருக்கோம். ரெண்டு கார்புரேட்டர் போட்டிருக்கோம். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டித்தான் பழக்கணும். இல்லன்னா விசேஷத்தன்னிக்கு உங்க வாசல்லயே மறுபடி புடிச்சுக்கும்."

"அப்ப நீங்க ஓட்டுங்க. அந்தக் குல்லாய்க்காரன் யாரு?"

பாய் தலையைச் சொறிந்தார். "இந்த மாதிரி வண்டி ஓட்டிப் பழகின கை சார். இப்ப அப்படி ஆளு கெடைக்க மாட்டாங்க."

"கண்டவன் கையில எங்கப்பா வண்டியா? வழியில அப்பா பார்த்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"ரோட்டுல நின்னு அய்யா இந்த வண்டியப் பார்க்கவே மாட்டாரு சார். அதுக்கு நான் கேரண்டி."

"உங்க கேரண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாவியைக் குடுங்க. இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

பாய் வாயைத் திறந்தார், மூடினார், சாவியைக் கொடுத்தார்.

வண்டியைச் சாரங்கபாணி வீட்டில் மறைத்து வைத்துவிட்டு ஹரி வந்தபோது, வீட்டில் அம்மா சரசா மட்டும் இருந்தாள்.

"அப்பா எங்கேம்மா?"

"வாக்கிங். இப்பல்லாம் சாயந்தரமானா வீட்டுலயே தரிக்கறதில்லை. திரும்பி வந்து நன்னா பசிச்சு சாப்பிடறார்."

வண்டியை அதற்குள் மறந்தே விட்டாரா! ஹரிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

விசேஷத்தன்று வாசலில் கார் மாலையும் கழுத்துமாக நின்றது.

"டேய்... இது நம்ம வண்டியாடா!" பட்டாபிராமன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

ஹரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூட்டத்தோடு ஃபாஜில் பாயும் நின்றிருந்தார். அவரை யார் அழைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஹரி கடைசியாக ஒரு குறும்பு பாக்கி வைத்திருந்தான். பழைய வண்டியில் ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு பட்டன் வைக்கச் சொல்லியிருந்தான். அப்பா காலால் துழாவித் துழாவி முழிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பட்டாபிராமன் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கை நேராக டேஷ்போர்டுக்கு அடியில் போயிற்று.

இன்ஜின் கிளம்பிவிட்டது.

ஹரியின் சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பி ஃபாஜில் பாயைப் பார்த்தான். அவர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்.

"மொத மொத ஸ்டார்ட் பண்ணி விட்டப்பவே, ரோட்டுல போன அய்யா சத்தத்தைக் கேட்டு உள்ள வந்துட்டாரு சார். 'எம் பிள்ளை ஆசையா செய்யறான், எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியவே கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அந்தக் குல்லாய்க்காரரே அவருதான். அன்னிக்கு நீங்க திட்டறப்ப, டயர் அடுக்குக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருந்தாரு."

ஹரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குள் பட்டாபிராமனுக்கும் செய்த தப்பு உறைத்துவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டித் தடவ ஆரம்பித்தார்.

"ஏண்டா ஹரி, ஸ்டார்ட்டரைக் காணோமே! இதை எப்படிடா கிளப்பறது?"

ஹரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். "இதோ பாருங்கோப்பா, இங்க ஒரு பட்டன் வெச்சிருக்கோம்."

"அடேயப்பா! எனக்குத் தெரியவே தெரியாதேடா!" என்று, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தத்துக்கும் மேலே கத்தி ஆச்சரியப்பட்டார் அப்பா.