கிளம்பிய பருவை விடாதவர்கள்

வெண்ணிலாவின் கன்னத்தில் ஒரு பரு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் முகம் தெளிய வேண்டுமே என்று அவளுக்கு ஒரே கவலை.

பருவுக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. “காலையிலயும் சாயங்காலமும் முகத்தை மெதுவா கழுவிட்டு என்னைச் சும்மா விட்டா போதும். நானே காஞ்சு போயிடுவேன்” என்றது.

குளியலறைத் தட்டில் அறுத்து வைத்திருந்த எலுமிச்சை மூடிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீயா போனா எனக்கு என்ன பேரு? நான்தான் விரட்டுவேன்” என்று வந்து அழுத்தித் தேய்த்தது. கன்னம் எரிந்தது.

“தள்ளு, உனக்கு விரட்டவே தெரியல” என்று பற்பசை மேலே ஏறி ராத்திரி முழுக்க உட்கார்ந்தது. தோல் உரிந்தது.

ஓரத்தில் இருந்த சாதாரண சோப்பு கெஞ்சியது. “அண்ணே, அதைத் தொடாதீங்க. போறேன்னுதானே சொல்லுது.”

“நுரைகூட ஒழுங்கா வராது, உனக்கு எதுக்கு இந்தப் பேச்சு?” என்றன இரண்டும்.

சனிக்கிழமை வெண்ணிலா கண்ணாடியைப் பார்த்து அழுதாள். கன்னம் முழுக்கப் பரு.

“பாத்தியா, நாம மட்டும் இல்லேன்னா இன்னும் எத்தனை வந்திருக்கும்” என்றது எலுமிச்சை மூடி.

“அதையேன் கேக்குற” என்றது பற்பசை.