நாலாவது ஹாரன்

ஐஸ்லாந்துப் பனிமேட்டில் ஜீப் ஓட்டுகிறவர்கள், பனியில் புதையாமலிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, உறைந்த ஓடைகளை ஒவ்வொரு வண்டியாகத்தான் கடப்பார்கள். கடந்து முடித்தவர் ஒரு தரம் ஹாரன் அடிக்க வேண்டும்.

ஸ்டெய்ன்வோரின் கூட்டத்தில் மூன்றே ஜீப்புகள். ஆனால் ஒவ்வொரு ஓடையிலும் கடைசியாக, பின்னால் வெறும் பனிக்குள்ளிருந்து நாலாவது ஹாரன் ஒன்று கேட்கும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகி, முன்வண்டி ஓட்டும் அவள் அதற்கும் கையாட்டிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அன்று மூன்றோடு நின்றுவிட்டது.

"என்னக்கா, கிளம்பலையா?" என்றான் பக்கத்து சீட்டிலிருந்த தம்பி தோர்கில்ஸ்.

"நம்மாளு இன்னும் வரலடா."

"இல்லாத ஆளுக்குக் காத்துக் கிடக்குற ஒரே டிரைவர் நீதான்! சரி, காபியையாவது ஊத்து."

"ஊத்துறேன். பலகாரத்தை முழுசா முழுங்காம அவனுக்கும் ஒண்ணு வை."

பிளாஸ்க் பாதி காலியானபோது, வண்டிக்கு முன்னாலிருந்த வெள்ளைத் தரை பெருமூச்சு விட்டதுபோல் மெல்ல உள்ளே இறங்கியது. ஒரு ஜீப்பை அப்படியே விழுங்கும் பள்ளம். அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது.

தம்பி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

அப்போது ஹாரன் கேட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இந்தத் தடவை தம்பிதான் முதலில் கையாட்டினான்.