முதல் பச்சை

"உன் வீட்டுக்காரர் பச்சையாயிட்டார்மா" என்றார் முதலாளி, திரையைப் பார்த்தபடி. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் குப்பையும் அட்டைப் பெட்டிகளும் பறந்துகொண்டிருந்தன.

உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. சுவரே கதி என்று ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் அவள் கணவனுக்குப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் எந்தக் கட்டடத்தில் தொங்குகிறார்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அந்தத் திரை, முதலாளி ஆசை ஆசையாகச் செய்த ஏற்பாடு. வானிலை நிலையம் அளக்கும் காற்றின் வேகம் நேராகக் கணினிக்கு வரும். அளவு தாண்டியதும் 'காற்று, உடனே இறங்கவும்' என்று வேலையாட்களின் போன் குழுவுக்குத் தானாகவே செய்தி போகும். தரையில் கால் வைத்தவர் 'இறங்கிட்டேன்' என்று பதில் போட்டால், அவர் பெயருள்ள கட்டம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பதில் போடத் தாமதமானவரின் பெயரைக் குழுவில் போட்டு மானத்தை வாங்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மானம் போகாத ஒரே ஆள் பல்லிதான். கட்டடம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி, எச்சரிக்கை போன ஐந்தாவது நிமிடம் சொல்லி வைத்தாற்போல் அவன் பதில் வந்துவிடும். "கை முழுக்கச் சோப்பு. எப்படித்தான் எல்லாரையும் முந்திக்கிறீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, "உன் புருஷன் என்ன சாதாரண ஆளா?" என்று கண்ணடித்தான். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இன்றும் முதல் பச்சை அவனுடையது. பிறகு மற்றவர்களின் கட்டங்களும் மெல்ல மெல்ல மாறின. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது.

பல்லி முன்பக்கம் தொங்கும் அதே கட்டடத்தில் பின்பக்கம் தொங்குகிறவன் அவன். சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் எல்லோருக்கும் 'புதுசு'. கல்யாணமும் புதுசுதான்; போன வாரம்தான் மனைவியை அழைத்து வந்து இவளுக்கு அறிமுகப்படுத்தியிருந்தான்.

அவன் எண்ணுக்கு அடித்தாள். மணியே போகவில்லை. இன்னொருத்தியின் புருஷன் சிவப்பில் நிற்கும்போது, தன்னவன் பச்சை என்று குளிர்ந்துபோன மனசை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மொட்டைமாடியில யாரு இருக்கா?" என்றார் முதலாளி. அவர் முகம் வெளிறியிருந்தது.

"கயித்துக்காரர் ஒருத்தர்தான் சார்." சொல்லிக்கொண்டே அவரை அழைத்தாள். "அண்ணே, புதுசு இன்னும் இறங்கல. போனும் போகல. சீக்கிரம் பின்பக்கம் போய்ப் பாருங்க."

"நான் முன்பக்கம்ல நிக்கிறேன். உன் வீட்டுக்காரர் கயித்துல இன்னும் ரெண்டு இழுப்பு வரலியேம்மா."

தரைக்குப் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை இரண்டு முறை இழுத்துக் காட்டுவார். அதுவரை மேலே காவல் நிற்பவர் நகரக் கூடாது. திரை வருவதற்கு முன்பிருந்த வழக்கம் அது; கயிற்றுக்காரர் மட்டும் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எந்தக் காலத்துலண்ணே இருக்கீங்க? அவர் அப்பவே இறங்கிப் பதிலும் போட்டாச்சு. நான் கண்ணால பார்த்தேன். அங்க ஒரு உயிர் தொங்கிட்டிருக்கு, போங்கண்ணே."

"நீயே சொல்றப்ப எனக்கென்னம்மா." அவர் ஓடும் சத்தம் போனில் கேட்டது.

முதலாளி எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை மேலிருந்த போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணி, புதுசு பேசறேன். இது வாட்ச்மேன் போன்."

"எங்கடா இருக்க?"

"கீழதான். நான் அப்பவே இறங்கிட்டேன். என் போன் சோப்புத் தண்ணி வாளியில விழுந்துடுச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கீழதான் இருக்கான் சார்" என்றாள். முதலாளி தன் கையாலேயே அந்தக் கட்டத்தைப் பச்சையாக மாற்றினார். "பார்த்தியா, ஒருத்தர் விடாம எல்லாரும் பச்சை" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அண்ணி, வச்சிடாதீங்க." புதுசு அவசரப்பட்டான். "கயித்துக்காரர் எங்க? முன்பக்கம் மேல ஆளையே காணோம். கத்திக் கத்தித் தொண்டையே போயிடுச்சு."

"உன்னைத் தேடித்தான்டா பின்பக்கம் போயிருக்கார். நான்தான் அனுப்பினேன். ஏன்?"

"அண்ணன் கயிறு விளம்பரப் பலகையில சிக்கிக்கிச்சு அண்ணி. மேலேருந்து யாராவது தூக்கினாத்தான் உண்டு."

"என்னடா உளர்ற? அவர் இறங்கிட்டாருடா. பதில் வந்துச்சே."

"அது அஞ்சு நிமிஷத்துல அவர் போன் தானாப் போடற பதில் அண்ணி."