அளவோடு ஏற்றவும்

"முட்டி மடங்காதுங்க. நான் நின்னே பேசிடறேன்," என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார் மேஸ்திரி. விடிந்ததிலிருந்து மூட்டை இறக்கிய முதுகு. சுவரில் சாய்ந்ததும் ஈரச் சட்டை அதில் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் வற்புறுத்தவில்லை. அந்த நாற்காலியில் மேஸ்திரியின் தம்பி மனைவி உட்கார்ந்தாள். தையல் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிடங்கின் சரக்கு லிஃப்ட் இருபது மூட்டையோடு அறுந்து விழுந்தது. மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்ற அவள் கணவனுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. விதியை மீறி ஏற்றினான் என்று முடிவானால் வேலையும் போகும். மீறவில்லை என்றால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலை தருவதாகப் பேச்சு. ஒற்றைக் காலுக்கு வேறு எவனும் வேலை தரப்போவதில்லை.

விதி என்பது லிஃப்ட் கதவுக்கு மேலே தொங்கும் பலகை. அதில் ஒரே வரி: 'அளவோடு சுமை ஏற்றவும்.'

மேனேஜர் அந்தப் பலகையின் போட்டோவைப் பேனாவால் தட்டினார். இதில் என்ன புரியவில்லை, அளவு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, இருபது மூட்டை ஓர் அளவா என்று கேட்டார்.

மேஸ்திரி விடவில்லை. மாசக்கணக்கில் இருபதுதான் ஏறியது, அதுவரை அளவாக இருந்தது அறுந்த பிறகு அதிகமாகிவிட்டதா என்றார். மருந்துச் சீட்டில் 'அளவோடு விழுங்கவும்' என்று எந்த டாக்டராவது எழுதுவாரா, எழுதினால் பாதிப் பேர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூக்கி உட்காரவைத்தது இவர். மலச்சட்டி எடுத்ததும் இவர்தான். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று நர்ஸே ஒருநாள் சொன்னாள்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. சமைக்கும்போது உப்பு எவ்வளவுன்னு பலகையில எழுதி வச்சுக்கிட்டா போடறே? கை அளவு தெரியாதா?"

"உப்பு கூடினா யார் காலும் போகாதுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார்.

"எங்க வீட்டுக்காரர் இந்த வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு," என்றாள். "அவருக்கு ஏதுங்க கை அளவு? மத்தவங்க ஏத்தினதைப் பார்த்து ஏத்தினார். இத்தனை மூட்டைன்னு ஒரு எண்ணு போட்டிருந்தா எண்ணி ஏத்தியிருப்பார். 'அளவோட வெட்டு'ன்னு சீட்டு எழுதிக் குடுத்தா நான் கத்திரியையே தொடமாட்டேன். எண்ணு போடாதது உங்க தப்பு."

"போதும்மா, நீ கிளம்பு," என்றார் மேஸ்திரி. "மீதியை நான் பேசிக்கறேன்."

"இருங்க மாமா. எண்ணு ஏன் போடலைன்னு அவர் வாயால சொல்லட்டும்."

மேனேஜர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு பழைய ஃபைலைப் புரட்டி, அதிலிருந்து ஒரு தாளை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"பொறுப்பு யாருதுன்னு இதுல இருக்கு. படிச்சுக்கோ. கேட் வேலைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. அவள் விரல் வைத்துப் படித்தாள்.

'பன்னிரண்டு மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று லிஃப்ட் பலகையில் இருப்பதால் எங்களுக்கு நடை கூடுகிறது. லாரி முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. அந்த எண்ணை அழித்துவிட்டுப் பொதுவாக எழுதும்படி சுமை தூக்குவோர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். அளவு எங்களுக்குத் தெரியும். பொறுப்பும் எங்களுடையது.'

ஓரத்தில், அதே தேதியில், மேனேஜரின் 'சரி'.

அவள் தலையைத் தூக்கினாள். மேஸ்திரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளின் அடியில் இருந்த கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன், கணவனின் காலை எடுக்கச் சம்மதம் என்று மேஸ்திரி போட்டிருந்த அதே கையெழுத்து. தம்பிக்கு மேஸ்திரி ஒரு கால் பாக்கி.