நூல் அறுந்துபோச்சு

"காட்டிக்கொடுக்கறவன் நம்ம டீமுக்குள்ளயே இருக்கறான்!"

டீமை நடத்தும் தண்டாயுதபாணி டீ கிளாஸை பெஞ்சில் வைத்த வேகத்தில் பாதி டீ சண்முகவேலின் வேட்டிக்குப் போயிற்று.

குமாரபாளையம் டீக்கடையில் அன்று இழவு வீட்டுக் களை. மேட்டூர்க்காரர்களிடம் மூன்றாவது வருடமாகக் கால்பந்துக் கோப்பையைப் பறிகொடுத்துவிட்டு வந்தால் வேறெப்படி இருக்கும்?

எழுபத்திரண்டு, எழுபத்துமூன்றில் இதே டீம் கோல் போட்டால் அக்கரையில் பவானிக்காரன் கை தட்டுவான். ஒருமுறை அடித்த அடியில் பந்து காவேரியைத் தாண்டிப் போய், கூடுதுறையில் முழுக்குப் போட்டவர் தலைக்குப் பக்கத்தில் விழுந்ததாம். தேங்காய் என்று அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட, பந்து திரும்பி வரும்வரை மேட்டூர் டீம் உட்கார்ந்து முறுக்குத் தின்றதாம். சண்முகவேல் கண்ணால் பார்த்தவர்.

அந்த வெற்றியின் ரகசியம் கால்களில் இல்லை, கைகளில்.

விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. டீமில் இருந்த அத்தனை தறிக்காரர்களுக்கும் எல்லாமே கைஜாடைதான். இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டினால், 'நூல் அறுந்துபோச்சு, வந்து முடிச்சுப் போடு.' அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் தண்டாயுதபாணி. அங்கே அதற்கு, 'இந்தப் பக்கம் ஆளில்லை, ஓடி வா' என்று அர்த்தம். ஆட்டக்காரர்கள் இடுப்போரம் சின்னதாகக் காட்டிக்கொள்வார்கள். எதிராளி முழிப்பான்.

இப்போது எதிராளி முழிப்பதில்லை. பந்து போய்ச் சேருவதற்குள் அங்கே ஒரு மேட்டூர்க்காரன் நிற்கிறான்.

"அவிங்களுக்கென்னப்பா, டேம் மீனைத் தின்னுபோட்டு வாராங்க. ஒடம்புல வலுவு" என்றார் சண்முகவேல், வேட்டியைப் பிழிந்தபடி.

"மீனு தின்னா ஜாடை புரியுமாய்யா? நானும் நேத்து மீனுதான் தின்னேன். உன்ற பேச்சே எனக்குப் புரியல." தண்டாயுதபாணி சுற்றிலும் பார்த்தார். "நம்ம டீம்ல மேட்டூர்ல பொண்ணு கட்டுனவன் யாரு?"

எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. அங்கமுத்து. வேர்வை காயாத சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ராசாத்தியின் தம்பி வெள்ளியங்கிரிதான் மேட்டூர் டீமின் கேப்டன்.

"போன வருசமே சொன்னேனுங்களே மாமா, ஜாடையை மாத்திப்போடலாம்னு" என்றான் அங்கமுத்து மெதுவாக.

"நான் எதுக்கு மாத்தோணும்? திருடனை உட்டுப்போட்டுப் பூட்டை மாத்தச் சொல்றியா? மாமனார் ஊட்டு விருந்துல சொல்லிக் குடுத்துட்டே!"

"நானில்லீங்க மாமா."

"அப்ப யாரு? தெரிஞ்சா சொல்லு."

அங்கமுத்து வாயைத் திறந்தான். தண்டாயுதபாணியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சட்டையைக் கழட்டு. இனி உனக்கு டீம்ல எடமில்ல."

பதினாறு வயதிலிருந்து போட்ட சட்டை. கழற்றி, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு, பனியனோடு தெருவில் இறங்கி நடந்தான்.

சற்று நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு மேட்டூர் லாரி வந்து நின்றது. கோப்பையும் கும்மாளமுமாகப் பையன்கள். குதித்து இறங்கிய வெள்ளியங்கிரி, தன் கழுத்து மாலையைக் கழற்றித் தண்டாயுதபாணியின் கழுத்தில் போட்டான்.

"ஏண்டா, ஊடு தேடி வந்து கேலியா?"

"கேலியில்லீங்க. எங்க அக்கா ஊட்டுக்காரரு பனியனோட போறாரு. கேட்டா வாயத் தொறக்கல. அதுதான் வந்தேனுங்க. உங்க ஜாடையை எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானுங்க."

"நானா!"

"ஆட்டக்காரரு இடுப்புல சின்னதாக் காட்டறாரு. நீங்க கோட்டுக்கு வெளிய நின்னு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, அதையே ரெண்டு கையிலயும் பெருசாக் காட்டறீங்க. எங்க கோல்கீப்பர் பையன் மூணு வருசமாப் பந்தைப் பாக்கறதேயில்லீங்க. உங்களைத்தான் பாக்கறான்."

தண்டாயுதபாணி தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார்.

"இதைச் சொல்லிப்போட்டா அடுத்த வருசம் கப்பு உங்களுக்குப் போயிரும். போனாப் போகுதுங்க. அவருக்குக் கெட்ட பேரு வேண்டாம்."

தண்டாயுதபாணி மெதுவாகக் கேட்டார். "அங்கமுத்துக்கு... இது தெரியுமா?"

"போன வருசமே கண்டுபுடிச்சிட்டாருங்க. 'சொல்லீருங்க மச்சான்'னேன். 'தன்னாலதான் தோத்தோம்னு தெரிஞ்சா மாமன் அப்புறம் மைதானத்துப் பக்கமே வரமாட்டாரு. தோத்தாத் தோத்துட்டுப் போறோம், அவரு அங்க நிக்கட்டும்'னாருங்க."

தண்டாயுதபாணி சட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பாலத்துப் பக்கம் அங்கமுத்துவின் பனியன் வெள்ளையாகத் தெரிந்தது. கூப்பிட்டார். இரண்டு பக்கத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஏதோ தோன்றி அங்கமுத்து திரும்பிப் பார்த்தபோது, மாலையும் கழுத்துமாக நின்ற தண்டாயுதபாணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களைக் கத்தரி போல வெட்டி வெட்டிக் காட்டினார்.

நூல் அறுந்துபோச்சு, வந்து முடிச்சுப் போடு.

அங்கமுத்து நடையைத் திருப்புவதற்குள், லாரியில் இருந்த மேட்டூர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் அது புரிந்துவிட்டது.