இருபத்து நாலு பாட்டில்

கண்டக்டருக்கு மருமகள் மேல் சந்தேகம் விழுந்தது ஒரு லேபிளைப் பார்த்துத்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகியும் தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அப்பேர்ப்பட்டவர் கண்ணிலிருந்து, தான் நேராக ஒட்டிய லேபிள் இப்போது கோணலாக இருப்பது தப்புமா?

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அந்த வருஷக் காய்ப்பு முடிந்துவிட்டது. கடைசித் தக்காளியையும் பறித்து, செடிகளைப் பிடுங்கி மூலைக் குழியில் போட்டாயிற்று. பறித்ததை வேகவைத்துப் பாட்டிலில் அடைப்பது எப்போதும் அவர் மனைவியின் வேலை. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த முறை மருமகள் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது அவர் தடுத்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு இது தெரியாதா என்றார்.

இரண்டு நாள் அடுப்படியே கதி என்று கிடந்தார். இருபத்து நாலு பாட்டில். தேதி எழுதி, லேபிள் ஒட்டி, அலமாரியில் வரிசையாக அடுக்கினார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டி, அவருக்கும் ஒரு பாட்டில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம்தான் அந்தக் கோணல் லேபிள் கண்ணில் பட்டது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் தோட்டத்துத் தக்காளி அடர் சிவப்பு. இது வெளிறிக் கிடந்தது. சந்தேகமே இல்லை, சந்தைத் தக்காளி.

உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன சனிக்கிழமை மருமகளின் அக்கா வந்துவிட்டுப் போனாள். போகும்போது தோளில் தொங்கிய பை அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. உள்ளே கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

ஆக, நல்ல சரக்கு அக்கா வீட்டுக்கு. மாமனாருக்குச் சந்தைச் சரக்கு.

மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவனை நன்றாகத்தான் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் குத்தல் பேச்சு ஆரம்பித்தது. உங்க அக்கா வீட்டில் இப்போது தக்காளிக்குப் பஞ்சமே இருக்காதே என்பார். மருமகள் தலை நிமிராமல் பரிமாறுவாள். பதில் சொல்லாதது அவர் சந்தேகத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது. அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து, எலெக்ட்ரீஷியனின் பிள்ளைத்தாய்ச்சி மகள் வந்திருக்கிறாள், நாளைக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். மருமகள் முகம் சட்டென்று மாறியது.

"சாவியைக் கொஞ்சம் தாங்க மாமா."

"எதுக்கு?"

"அலமாரியைத் துடைக்கணும்."

அவர் தரவில்லை. மறுநாள் மதியம் சாவியை வேண்டுமென்றே மேஜை மேல் வைத்துவிட்டு, கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். நினைத்தது நடந்தது. பூட்டு திறக்கும் சத்தம். பாட்டில்கள் உரசும் சத்தம். பிறகு பின்கதவு.

எழுந்து செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே போனார். மருமகள் நாலு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, காய்ந்த செடிகள் கிடந்த குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்காவுக்குக் கொடுத்தால்கூடப் போகிறது, அவர் உழைப்பைக் குப்பையில் கொட்டுகிறாள். பாய்ந்து போய் அவள் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். மூடி உப்பியிருந்தது. விரல் பட்டதுதான் தாமதம், டப்பென்று தெறித்தது. நுரை பொங்கி அவர் சட்டையில் வழிந்தது. புளித்த நாற்றம் அடித்தது.

அவர் லேபிள். அவர் கையெழுத்து.

கண்டக்டர் சட்டையை வழித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"எத்தனை கெட்டுப்போச்சு?"

மருமகள் குழியையே பார்த்தாள். "இதோட எல்லாமே மாமா. பாட்டில் ஈரமா இருக்கும்போதே ஊத்திட்டீங்க. அத்தை வெயில்ல காயவெச்சுத்தான் ஊத்துவாங்க."

"அப்போ நான் இத்தனை நாளா சாப்பிட்டது?"

"சந்தைத் தக்காளி வாங்கி நான் அடைச்சது. நீங்க தூங்குறப்போ உங்க லேபிளை உரிச்சு ஒட்டி ஒவ்வொண்ணா மாத்தி வெச்சேன். முதல்ல கெட்டதை அக்காகிட்ட கொடுத்து, தூரமா எங்கயாவது கொட்டிடச் சொன்னேன். நீங்க பூட்டுப் போட்டதால இந்த நாலு மட்டும் நின்னுபோச்சு."

அந்தத் தக்காளியைத்தான் அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். உங்க அத்தை கைப்பக்குவம் அப்படியே எனக்கு வந்துடுச்சு பார் என்று அவளிடமே பெருமையடித்திருந்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கண்டக்டர் குழியோரம் மெதுவாக உட்கார்ந்தார்.

"உன்னை என்னென்னவோ பேசினேனேம்மா. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மருமகள் அடுத்த பாட்டிலைக் குழிக்குள் கவிழ்த்தாள்.

"சொல்லியிருந்தா, அடுத்த வருஷம் விதை போடுவீங்களா மாமா?"