மணல் வாளி நின்ற இடம்

அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்தத்தில் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. எதிர் மூலைக்குப் புதிதாக ஒரு பேட்டரி கார் வந்ததிலிருந்து அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அவன் எப்ப வெடிப்பான்னே தெரியாது. நீ அவன் பக்கத்துல போய் நில்லு" என்று, தீயணைக்கத் தன்னருகே வைத்திருந்த மணல் வாளியைத் துரத்தியது. வாளியும் போனது.

தன் பெட்ரோல் குழாய் பல நாளாக ஒழுகுவதைப் பற்றி மட்டும் அது யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு காலையில் கிளப்பியதும் அதன் பானெட்டுக்குள் தீப்பிடித்தது. பேட்டரி கார்தான் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டியது. எதிர் மூலையிலிருந்து வாளி வந்து சேர்வதற்குள் பெட்ரோல் காரின் முகம் பாதி கருகிவிட்டது.

"ரொம்ப எரியுதாண்ணே?" என்று பேட்டரி கார் கேட்டது. பெட்ரோல் காரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் இன்னொரு பெட்ரோல் கார் அங்கே குடிவந்தது. கருகிய முகத்தைப் பார்த்துப் பதறி, "அந்தப் பேட்டரிக்காரன் வேலைதானே இது?" என்று காதைக் கடித்தது.

"இல்லப்பா. என் குழாய்தான் ஒழுகிச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்" என்று பழைய கார் முனகியது.

"உங்க பெருந்தன்மை யாருக்குண்ணே வரும்!" என்றது புதிய கார். பிறகு, மணல் நிரப்பிக்கொண்டு வந்த வாளியிடம் திரும்பி, "நீ அவன் பக்கத்துல போய் நில்லு" என்றது.